முதலில் மோர்ச்சோறு

வேலு,

நீ போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்பினால் நீலக்கோடு விழுகிறது, பதில் விழவில்லை. சரி, ஐந்தாவது வரைக்கும் படித்தவள் கடிதம் எழுதினால் எப்படி இருக்கும் என்று நீயும் பார் என்று பேனாவை எடுத்துவிட்டேன். தப்பு இருந்தால் என்னைத் திட்டாதே. எங்கள் தமிழ் வாத்தியார் அறுப்புக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டார், அதில் போன எழுத்துகள் போனதுதான். இதைத் திருப்பதிக்குக் கொண்டுவருபவர் கையை ஒடித்துக்கொண்டு புத்தூர்க் கட்டுப் போட வந்தவர். நல்ல மனிதர். நீ வேலை பார்க்கும் ஓட்டல் பக்கத்தில்தான் வீடாம். இதே கடிதத்தை இன்னொரு தாளிலும் எழுதி நம் சாப்பாட்டுக் கடையில் கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டப்போகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் வாய் கொப்பளித்துக்கொண்டே படிக்கட்டும். உனக்கு மானம் போகும் என்றால் வந்து கிழித்துப் போடு. அதற்காகவாவது வருவாய் அல்லவா?

நீ போனதுகூடப் பெரிதில்லை. வளர்ந்த பிள்ளை, கோபம் வந்தால் போகத்தான் செய்வான். என்னைக் கட்டிய உன் நைனா கோபம் வந்தால் பக்கத்தூர் நகரிக்கு நடந்தே போய்விடுவார், பசி வந்தால் பஸ்ஸில் திரும்பி வருவார். நீ போன விதம்தான் என்னைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. கடையில் நான் அடைத்து வைத்திருந்த முன்வாசல் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாய். அதில் செதுக்கியிருக்கும் தெலுங்கு எண்ணைப் பார்த்து, வரிசை மாறாமல் சுவரில் சாய்த்தாய். பையைத் தோளில் மாட்டினாய். நடுவில் தேய்ந்து குழிந்த அந்தக் கல்படியில் இறங்கித் தெருவில் நடந்தாய். "போய்ட்டு வரேம்மா" என்று சொல்லவில்லை. இந்தப் புத்தூரில் வேறு எந்த வாசலில் வேண்டுமானாலும் சொல்லாமல் போயிருக்கலாம். அந்த வாசலில் சொல்லாமல் போகலாமா?

தொட்டிக்கு மேலே படிப்பவர்களில் வெளியூர்க்காரர்கள் இருப்பார்கள், அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இப்போது கை கழுவும் இடம் முனிரத்தினம் கடை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். தேக்குத் தூண், வாசல் நிலையில் இரண்டு கிளிகள், மேலே மரச்சட்டம் போட்ட மச்சு. பார்க்கக் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். விற்றது என்னவோ சாவுச் சாமான். கோடித்துணி, பானை, பன்னீர், ஊதுபத்தி, தென்னங்கயிறு, மூங்கில், எல்லாம் ஒரே இடத்தில். இந்த ஊரில் எந்த வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் என்றைக்காவது இந்தப் படியில் வந்து நின்றிருப்பார், அதுவும் அந்த வீட்டின் மோசமான நாளில். அங்கே வருகிறவரை வாங்க என்று கூப்பிடமாட்டார்கள். வாங்கிக்கொண்டு போகிறவர் வரேன் என்று சொல்லமாட்டார். திரும்பி வருகிறேன் என்று யார் சொல்வார், அந்தக் கடையில்? சாமானைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போவதுதான் வழக்கம். நம் தெருவின் ஒரு கோடியில் மூங்கில் பத்தை வைத்து எலும்பைக் கட்டுகிறார்கள், இன்னொரு கோடியில் அதே மூங்கிலில் ஆளையே கட்டுகிறார்கள் என்று உன் நைனா சொல்லிச் சிரிப்பார். அவரையும் அதே மூங்கிலில்தான் கட்டினோம்.

முனிரத்தினம் போனபின் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கடையை நீ வாடகைக்குப் பிடித்து வந்து சொன்னபோது நான் சோற்றில் கை வைத்திருந்தேன். ஞாபகம் இருக்கிறதா?

"இன்னாடா சொல்றே? ஓட்டலுக்கு எடம் பாக்கப் போனியா, பாடைக்கு எடம் பாக்கப் போனியா?"

"வாடகை கம்மிம்மா."

"கம்மியாத்தான் இருக்கும். அங்க பேயே குடியிருக்க முடியாம ஓடிப்போயிருக்கும்."

"மரத்தைப் பாரும்மா. இந்த மாதிரி தேக்கு இப்ப எங்க கெடைக்குது?"

"வர்றவன் தேக்கையா துன்னுவான்?"

நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, "அந்த எடம்தாம்மா வேணும்" என்றாய். அதில் ஒரு சின்ன அழுத்தம் இருந்தது. பிள்ளை ஏதாவது ஒன்றை இரண்டு தடவை சொன்னால் பெற்றவள் சோற்றைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று கேட்கவேண்டும். நாளைக்கு நீயும் பிள்ளை பெறுவாய், அதனால் சொல்கிறேன். நான் கேட்கவில்லை. அடுத்த கிண்டலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வேலையை நீ செய்த மாதிரி யாரும் செய்திருக்கமாட்டார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். ஸ்ரீ சிட்டியில் கம்பெனி கேன்டீனில் ஆயிரம் பேருக்குச் சமைத்த பிள்ளை, ஒரு தூணில் ஒட்டிய சுண்ணாம்பைச் சுரண்ட ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாய். மூங்கில் அடுக்கி வைத்திருந்த பின்கட்டு சமையலறை ஆனது. புகை போக மச்சில் ஓட்டை போடலாம் என்று மேஸ்திரி சொன்னதற்கு, சட்டத்தைத் தொடாதே என்று பின்சுவரில் குழாய் வைத்தாய். பானை தொங்கிய கொக்கிகளில் பல்பு தொங்கவிட்டாய். லைசென்ஸ் வாங்க முனிசிபாலிட்டிக்குப் போனபோது அங்கிருந்தவர், அந்தக் கடையில் யார் சாப்பிட வருவார்கள் என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தார். "மீரே ரண்டி சார்" என்று அவரையே நீ சாப்பிடக் கூப்பிட்டதும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். ஆனால் கோடித்துணி அளந்து கிழித்த அந்த நீளப் பலகை இருக்கிறதே, முழத்துக்கு ஒரு பித்தளை ஆணி அடித்தது, அதையே நீ இலை போடும் மேசையாக்கியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோடா உப்பு போட்டு, வெந்நீர் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்தேன். மழை பெய்தால் மரத்திலிருந்து பன்னீரும் ஊதுபத்தியும் இன்னும் வாசனையாக வரும். சாம்பாரில் பெருங்காயத்தை எவ்வளவு தூக்கிப் போட்டாலும் அது போகாது.

கடை திறந்த புதிதில் வந்தவர்கள் எல்லாம் கட்டுக்காரர்கள்தான். கை ஒடிந்தவன், கால் ஒடிந்தவன், அவர்களைத் தூக்கிவந்தவன். அவர்களுக்கு இந்தக் கடையின் கதை தெரியாது. இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு, மூக்கிலும் கன்னத்திலும் சாம்பாரை அப்பிக்கொண்டு, சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். "வரேங்கம்மா" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு போனார்கள். மறுபடி வரவேண்டும் என்றால் மறுபடி ஒடியவேண்டும், யோசித்து ஒடித்துக்கொள்ளுங்கள் என்று நான் அனுப்பிவைப்பேன். உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தார்கள். ஆட்டோ ஓட்டும் கோவிந்தசாமி, பூக்கடைக்காரர், ஸ்டேஷன் பக்கத்து ஆட்கள். வந்தால் பேச்சே இல்லை. இடம் காலியாக இருந்தாலும் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தாயே ஒரு பெஞ்சு, அதில்தான் போய் உட்காருவார்கள். பள்ளிக்கூடத்தில் முட்டி போடவைத்த மாதிரி இருக்கிறதே, எதற்கு இந்தப் பெஞ்சு என்று கேட்டேன். சும்மா இருக்கட்டும் என்றாய்.

அதைவிட வேடிக்கை, இலையில் முதலில் மோர்ச்சோறு வைக்கச் சொன்னது. ஒரு கைப்பிடி, ஓரத்தில் நார்த்தங்காய் ஊறுகாய், காசு கிடையாது. அப்புறம்தான் மற்றது.

"எந்த ஊர்லடா மோர்ச்சோறை மொதல்ல வெக்கிறாங்க? சாப்டு எழுந்துக்கப் போறவனுக்குத்தானே மோரு?"

"இந்தக் கடைல அப்படித்தாம்மா."

"அப்ப கடைசில பாயசத்துக்குப் பதிலா உப்பு வெச்சிடலாமா?"

இலையில் அந்த மோர்ச்சோறு விழுந்ததும் உள்ளூர்க்காரர்கள் ஒரு நிமிஷம் கை வைக்காமல் அதைப் பார்ப்பார்கள். கோவிந்தசாமி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். காரம் ஜாஸ்தியோ என்று நான் ஊறுகாயை நக்கிப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்ததும் காசை வைத்துவிட்டுப் படியில் இறங்கிப் போய்விடுவார்கள். ஒருவர்கூட வரேன் என்று சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. வாய் வரைக்கும் வரும், அந்த வாசல் நிலையைத் தாண்டும்போது வாய் மூடிக்கொள்ளும். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். வயிறு நிறைய என் கையால் சாப்பிட்டுவிட்டு, சாவுச் சாமான் வாங்கிக்கொண்டு போகிற மாதிரி போகிறார்களே என்று நினைப்பேன். ஒருமுறை வந்தவர் மறுமுறை வர நாளாகும். இப்படியே போனால் பிள்ளை போட்ட காசெல்லாம் போய்விடும், திரும்ப ஸ்ரீ சிட்டிக்குப் போய் ஆயிரம் பேருக்கு உப்புமா கிளறுவான் என்று பயந்தேன்.

அதனால்தான் அந்த வேலையைச் செய்தேன். நீ பெரிய பாத்திரம் வாங்கத் திருப்பதிக்குப் போய், அங்கேயே ஒரு சிநேகிதன் கல்யாணத்துக்கும் தங்கினாயே, அப்போது மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சந்துப்பக்கச் சுவரை உடைத்து ஒரு கதவு வைத்தேன். முன்வாசலில் பலகைகளைச் சொருகி அடைத்தேன். எண் வரிசை எனக்குத் தெரியாது, கடைசிப் பலகை நுழையவில்லை, சுத்தியால் அடித்து நுழைத்தேன். சுவரைப் பார்த்த பெஞ்சைத் திருப்பிப் போட்டேன். மோர்ச்சோறைக் கடைசிக்குத் தள்ளினேன். பலித்ததா இல்லையா? நீயே பார்த்தாய். சந்துப்பக்கம் கதவு வைத்த மறுநாளே கூட்டம். அரசியல் பேசினார்கள், சாம்பாரில் உப்பில்லை என்று என்னோடு சண்டை போட்டார்கள், "வரேம்மா, வரேம்மா" என்று போனார்கள். நீ வந்து பார்த்து என்னைத் தூக்கிச் சுற்றுவாய் என்று நினைத்தேன். நீயோ நான் அடைத்த பலகையைத் தடவிப் பார்த்தாய். சுத்தி பட்டு நசுங்கிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாய். "ஏம்மா?" என்று ஒரு வார்த்தை. நான், "பொணம் போற வழில புள்ளைக்கு வியாபாரம் ஆவுமா?" என்றேன். அவ்வளவுதான். அதற்கு அப்புறம் நடந்ததை முதலிலேயே எழுதிவிட்டேன்.

நீ போனபின் ஒரு நாள் மத்தியானம், சந்துப்பக்கக் கதவில் ஒரு அம்மாள் தலையை நீட்டி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வயசு இருக்கும். கஸ்தூரி என்று பெயர் சொன்னாள். முனிரத்தினத்தின் மகள், பாகாலாவில் கட்டிக்கொடுத்தது. கட்டடம் இப்போது அவள் பெயரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பார்த்ததில்லை. உட்கார வைத்து இலை போட்டேன்.

"முன்வாசல் இருக்கறப்போ சந்துல ஏம்மா கதவு வெச்சீங்க?"

"ஜனங்க பயப்படுது. சாப்ட வர்றவங்க வரேன்னு சொல்ல மாட்டேங்குது."

"பயம்னு யார் சொன்னது?" என்றாள். இலையைப் பார்த்தாள். "மோர்ச்சோறு எங்க?"

"அது கடைசில வரும்."

அவள் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டாள். "உங்க பையன் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியா?" என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன். அப்புறம் அவள்தான் சொன்னாள், வேலு. அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"எங்கம்மா தெனமும் கடைக்கு ஒரு தூக்குச்சட்டில மோர்ச்சோறும் நார்த்தங்கா ஊறுகாவும் குடுத்து அனுப்பும். யாருக்கும்மான்னா, யாருக்கோன்னு சொல்லும். கடைக்கு ஆள் வந்தா எங்க நைனா மொதல்ல சாமானை எடுக்க மாட்டாரு. குந்து, ரெண்டு வாய் துன்னு, அப்பால சொல்லுன்னுவாரு. சாவு ஊட்ல அடுப்பு எரியாது. வந்தவன் எப்பத் துன்னானோ. பட்டினியா மூங்கிலைத் தூக்கிக்கினு போனா வழியில விழுவான், அவனுக்கும் ஒரு மூங்கில் வேணும்னுவாரு. பின்னாடி ஒரு பெஞ்சு, சுவத்தைப் பாத்து. எல்லாரும் அங்க குந்தித் துன்னுட்டுப் போவாங்க. ஒருத்தரும் வெளிய சொன்னதில்ல. பொணத்தைப் போட்டுட்டுத் துன்னான்னு சொல்லுவாங்களே! இந்த ஊர்ல ஊட்டுக்கு ஒருத்தர் அந்தப் பெஞ்சுல துன்னிருக்காங்க. நீங்க இன்னாடான்னா அவங்க பயந்துட்டாங்கன்னு சொல்லிக்கினு கீறீங்க."

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "உங்க பையனும் துன்னான். அன்னைக்கு நான் கடைலதான் இருந்தேன். இப்ப கடை கேட்டு வந்தப்போ மொகத்தைப் பாத்ததும் கண்டுக்கினேன். துன்னவங்க நெறைய பேரு. ஆனா ரெண்டாவது வாட்டி கேட்டது அந்தப் புள்ள ஒண்ணுதான். 'இன்னும் கொஞ்சம் சோறு கீதா'ன்னு கேட்டான். கேட்டுட்டு, கேட்டோமேன்னு அழுதான். இருந்துச்சு, ஆனா போட விடாம எழுந்து போயிட்டான். அதான் அவனுக்கே சாவியைக் குடுத்தேன்" என்றாள்.

வேலு, நான் இப்போது ஒன்று சொல்கிறேன். கை கழுவ வந்தவர்கள் கொஞ்சம் தண்ணீரை மூடிவிட்டு நின்று படியுங்கள், இது முக்கியம். உன் நைனா போன அன்றைக்கு, காலையில் தண்ணீர் கேட்டவர் நான் செம்பைக் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். உறவுக்காரர்கள் வந்துசேர நேரமாகும் என்று பத்தொன்பது வயசுப் பிள்ளையான உன்னையே கடைக்கு அனுப்பினார்கள். நீ சாமானோடு திரும்பி வந்து என் தலையைப் பிடித்து உன் மார்பில் சாய்த்துக்கொண்டாய். உன் கையில் நார்த்தங்காய் ஊறுகாய் வாசனை அடித்தது. அத்தனை அழுகையிலும் அது என் மூக்கில் ஏறியது. பிள்ளை எங்கேயோ சாப்பிட்டிருக்கிறான் என்று நினைத்தேன். உனக்கு அது தெரிந்துவிட்டது போலிருக்கிறது, சட்டென்று கையை எடுத்துக்கொண்டாய். அதற்கப்புறம் எத்தனையோ நாள் நம் வீட்டில் நார்த்தங்காய் வாங்கவே நீ விடவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாசனை மட்டும் போகவில்லை. உன் நைனா போட்டோவுக்கு ஊதுபத்தி ஏற்றினாலும் எனக்கு அதற்குள்ளே நார்த்தங்காய்தான் அடிக்கும். கடையில் தினமும் அதையே இலைக்கு இலை வைத்தேன் பார், அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. இத்தனை பெரிய மூக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று நீ கேட்கலாம். கேள்.

நீ என்ன நினைத்தாய்? நைனாவைக் கிடத்திவிட்டுச் சாப்பிட்டேன், அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்றா? அந்த ஒரு நாளில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் என்ன தெரியுமா? யாரோ ஒரு புண்ணியவான் என் பிள்ளைக்குச் சோறு போட்டிருக்கிறான் என்பதுதான். அதை நான் உன்னிடம் சொல்லியிருந்தால், நீ இத்தனை வருஷம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்க மாட்டாய்.

கஸ்தூரி போன மறுநாள் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சந்துப்பக்கக் கதவைச் செங்கல் வைத்து அடைத்தேன். அவன், "ஏம்மா, ஒடைக்கவும் கூலி, அடைக்கவும் கூலி, எனக்கு நீங்க ஒருத்தர் போதும்" என்றான். நீ சாய்த்து வைத்த பலகைகளை நான் தொடவே இல்லை, வாசல் நீ திறந்தபடியே இருக்கிறது. மோர்ச்சோறு மறுபடி முதலுக்கு வந்துவிட்டது. பெஞ்சும் சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அன்றைக்கு யாரும் வருவதற்கு முன்னால் நான் தெருவுக்குப் போய், அந்தக் கல்படியில் ஏறி உள்ளே வந்து, அந்தப் பெஞ்சில் குந்தி, ஒரு கை மோர்ச்சோறு சாப்பிட்டேன். உன் நைனா போன அன்றைக்கு யாரும் எனக்குப் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், கூட்டம் குறைந்துவிட்டது. சந்துப்பக்கம் வந்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. கட்டுக்காரர்கள் வருகிறார்கள், எலும்பு ஒடிவது நிற்குமா? நேற்று கோவிந்தசாமி வந்தார். ஆட்டோவைத் தெருவில் நிறுத்திவிட்டுத் திறந்த வாசலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். மோர்ச்சோறு வைத்தேன். "அண்ணே, இங்க யார் வேணும்னாலும் ரெண்டாவது வாட்டி கேக்கலாம்" என்றேன். நான் சொன்னதும் அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்புறம் காலைத் தூக்கிப் போட்டு, பெஞ்சில் இந்தப் பக்கமாகத் திரும்பி, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். இலையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். "எங்கம்மா செத்தப்ப இங்கதாம்மா துன்னேன்" என்றார், ஏதோ பக்கத்தூர்ச் சங்கதி சொல்கிற மாதிரி. "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். போட்டேன். கை கழுவி, காசை வைத்து, வாசல் நிலையைத் தாண்டி, கல்படியில் ஒரு காலை வைத்தார். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நின்றார். திரும்பினார்.

"போய்ட்டு வரேம்மா."

வாங்கண்ணே என்று சொல்லக் கரண்டியோடு வாசலுக்கு வந்தேன். அதற்குள் ஆட்டோ போய்விட்டது.

அதனால் சொல்கிறேன், வேலு. திருப்பதியிலிருந்து புத்தூருக்கு பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போட நேரமில்லை. ஒரு மத்தியானம் வா. முன்வாசல் வழியாக வா. பலகையை நசுக்கினதற்கு என்னைத் திட்டு, நானும் திருப்பித் திட்டுகிறேன், கட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்கட்டும். அப்புறம் திருப்பதிதான் பிடித்திருக்கிறது என்றால் திருப்பதிக்கே போ, நான் கையைப் பிடித்து நிறுத்தமாட்டேன். அந்தப் படியில் நின்று, கோவிந்தசாமி சொன்ன மாதிரி சொல்லிவிட்டுப் போ. அதற்கு முன்னால் பெஞ்சில் உட்கார், நான் இலை போடுகிறேன். அன்றைக்கு ஒன்று கேட்டாயே, கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் ஓடினாயே, அதை என்னிடம் மறுபடி ஒரு தடவை கேள்.

கீதுடா. நிறைய கீது.

அம்மா